மூன்று விரல்

எனக்குத் தூக்கம் என்றால் கொள்ளை ஆசை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்குவேன். ஒரு தடவை முடிவெட்டும் கடையில் நாற்காலியிலேயே தூங்கிப்போய், ஒரு பக்கம் மட்டும் கிருதாவோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். கல்யாணமான புதிதிலேயே என் மனைவி எனக்குக் கும்பகர்ணன் என்று பேர் வைத்துவிட்டாள். "இடி விழுந்தாலும் இவரு எழுந்திருக்க மாட்டாரு. இடிதான் வெக்கப்பட்டுத் திரும்பிப் போகும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள், மேடம். அதனால்தான் தூக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வேறு காரணம் தேடி நீங்கள் அலைய வேண்டாம். வேறு பெண் கிடையாது. சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. எங்களுக்குள் பெரிய சண்டைகூட வந்ததில்லை. நல்ல பெண்பிள்ளை அவள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான் தலைவலித் தைலம் செய்கிற கம்பெனியில், கலவை அறையில் வேலை பார்த்தவன். நெற்றியில் தடவினால் சில்லென்று ஏறுகிறதே, அதற்குக் காரணம் மெந்தால். புதினாவிலிருந்து எடுப்பது. வெள்ளையாக, நீளநீளமாக, உடைந்த கண்ணாடி ஊசி மாதிரி இருக்கும். அதை மெழுகோடு சேர்த்துப் பெரிய அண்டாவில் உருக்குவது எங்கள் வேலை. அண்டாவுக்கு அடியில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். அறை வெந்து போகும். ஆனால் உள்ளே நுழைகிற புது ஆள் ஒவ்வொருவரும், "என்னண்ணே, ஏ.சி. போட்டிருக்கீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

ஏனென்றால் அந்த ஆவி மூக்கில் ஏறிவிட்டால், குளிர்கிறது என்று உடம்பு கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யும். எங்களோடு ஒருவர் இருந்தார், ஒல்லி ஆள், ஊசி என்று கூப்பிடுவோம். "ஜில்லுனு இருக்குடா" என்று சொல்லிக்கொண்டே வெக்கை தாங்காமல் மயங்கி அண்டா பக்கத்தில் விழுந்தார். அன்றைக்குத்தான் மேஸ்திரி சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டினார். "இனிமே எவனும் உடம்பைக் கேக்காதீங்க. சுவத்தைக் கேளுங்க" என்றார். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால், உடம்பு நடுங்கினாலும் சரி, வெளியே போய்விட வேண்டும். ஓய்வு பெறுகிறவரை அந்த விதியை நான் மீறியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் ஒரு சுவர்க் கடிகாரமும், பிரியப்பட்டுக் கேட்டேன் என்று ஒரு பெரிய டப்பா மெந்தாலும் கொடுத்தார்கள். கடிகாரம் சீக்கிரமே நின்றுவிட்டது.

மனைவி பஞ்சு மில்லில் இருந்தவள். நுரையீரல் கெட்டதில் மில் தூசிக்குப் பாதி பங்கு, என் சிகரெட்டுக்குப் பாதி. வீட்டுக்குள்தான் பிடிப்பேன். "நீங்க இழுத்தீங்க, நான் இருமறேன். குடும்பம்னா வேலையப் பங்கு போட்டுக்கணும்ல" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நான் சிகரெட்டை விட்டேன். இருமல் அவளை விடவில்லை.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் தேங்கிவிடுகிறது, அதனால் புதுக் காற்றுக்கு இடமில்லை என்றார். குணமாக்க முடியாது, ஆனால் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பார்த்துக்கொள்வது யார் என்று அவர் சொல்லவில்லை. அறையில் நான்தான் இருந்தேன்.

பேசினால் அவளுக்கு மூச்சு வாங்கும். அதனால் டாக்டர் விரல் கணக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். கஷ்டமே இல்லையென்றால் கையை மூடிக்கொள்ள வேண்டும். கூடக் கூட ஒவ்வொரு விரலாக நீட்ட வேண்டும். பத்து விரலும் என்றால் மூச்சே முட்டுகிறது என்று அர்த்தம். ஒரு கையைத் தாண்டி அடுத்த கை வந்துவிட்டால் யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "இத்தனை வருஷம் வாய் கிழியக் கத்தினேன், யாரும் கேக்கல. இப்ப விரலக் காட்டினா வண்டி வருது" என்றாள்.

எங்களுக்கு ஒரே மகள். வேறு ஊரில், கைக்குழந்தையோடு, வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். எடுத்த எடுப்பில், "அம்மா, எத்தனை?" என்பாள். இவள் விரலைக் காட்டுவாள். இரண்டோ மூன்றோ என்றால் மகள் முகம் தெளிந்து பேத்தியைக் காட்டுவாள். நான்கு என்றால் என்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்பாள். எங்கள் குடும்பமே அந்தக் கையைப் பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் வாடகைக்கு ஒரு ஆக்சிஜன் மெஷின் இருந்தது. அறைக் காற்றை இழுத்து, சலித்து, மூக்குக் குழாய்க்கு அனுப்பும். பகலில் பாதியும் இரவு முழுக்கவும் ஓட வேண்டும். அதன் சத்தம், நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும் பழைய பஸ் மாதிரி. அதற்கு மேலே இவளுடைய ஸ்பூன். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் வைத்திருந்தோம். கூப்பிடக் குரல் வராது என்பதால் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவாள். தலையணையை நிமிர்த்த, சளியைத் துடைக்க, முதுகைத் தேய்க்க, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக, சில சமயம் ஒன்றுக்குமில்லை, பயமாக இருக்கிறது, பக்கத்தில் உட்காருங்கள் என்பதற்கு. இடிக்கு எழுந்திருக்காத நான் அந்த ஸ்பூனுக்கு எழுந்திருக்கப் பழகிவிட்டேன். பிறகு அது தட்டாதபோதும் கேட்க ஆரம்பித்தது. கடையில் யாராவது டீ கலக்கினால் எழுந்து நின்றுவிடுவேன்.

ஆள் வைக்கலாம் என்று மகள் எத்தனையோ தடவை சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். கட்டினவளைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஆளா என்று கேட்டேன். மாடிவீட்டு அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்கள மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்பார். சிகரெட்டை விட்டவனுக்கு அந்தப் பேச்சை விட முடியவில்லை, மேடம். களைப்பாக இருக்கிறது என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மகள் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பாள்.

நடுவில் அடிக்கடி சளி கட்டும், காய்ச்சல் வரும், விரல் கூடும், ஆம்புலன்ஸ் வரும். ஆஸ்பத்திரிக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். ஊசி போட்டு, முகமூடி மாட்டி, ராப்பகலாகப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் அவளைப் பிழைக்கவைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்துதான் திரும்பி வருவாள். முதலில் மாடிப்படி போயிற்று. பிறகு சமையலறை. பிறகு குளியலறைக்குத் தானாகப் போவது. ஒரு தடவை வீட்டுக்கு வரும் வழியில் வண்டி ஓட்டுநர், "அம்மா கெட்டி சார், இன்னும் எத்தனையோ வருஷம் இருப்பாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மெந்தாலை முதலில் எடுத்தது நல்ல எண்ணத்தில்தான். ஒரு பிற்பகல், மின்சாரம் போய் மெஷின் நின்றுவிட்டது. பதறினாள். நான்கு விரலைக் காட்டினாள். வேறு வழி தெரியாமல் பழைய டப்பாவைத் திறந்து, ஒரு துண்டுத் துணியில் சிறிது மெந்தாலை முடிந்து, அவள் மூக்குக்குக் கொஞ்ச தூரத்தில் பிடித்து விசிறினேன். கண்ணை மூடினாள். தோள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் விரல் இரண்டாகிவிட்டது. "ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்குங்க" என்றாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மின்சாரம் வந்து மெஷின் உறும ஆரம்பித்தபோது இரண்டு பேருக்குமே வருத்தமாக இருந்தது.

அதற்கு அவள் ஏழைக்கேத்த ஏ.சி. என்று பேர் வைத்தாள். "ஏ.சி.யைப் போடுங்க" என்பாள்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது கேட்டேன். மகள் அன்று வந்திருந்தாள், ஆனால் மருந்துக் கவுன்ட்டரில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் என்னிடம்தான் சொன்னார். "தாராளமா கொடுங்க, ஆறுதலா இருக்கும். ஆனா ஒண்ணு. அது காத்தில்ல. காத்து வர்ற மாதிரி ஒரு நினைப்பு, அவ்வளவுதான். நுரையீரலுக்குள்ள ஒரு துளிகூட அதிகமாப் போகாது. அதனால மெஷினை நிறுத்தக் கூடாது. அதைக் கொடுக்கிற அன்னைக்கு விரல் கணக்கை மட்டும் நம்பாதீங்க, கிளிப்பைப் போட்டுப் பாருங்க" என்றார்.

கிளிப் என்பது விரல் நுனியில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிற சின்னக் கருவி. டாக்டர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு மேஸ்திரி ஞாபகம் வந்தது. உடம்பைக் கேக்காத, சுவத்தைக் கேளு. நான் தலையாட்டினேன். மகள் வந்து டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். மெந்தால் தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொன்னார் என்றேன். அது உண்மைதானே. மகளிடம் நான் பொய் சொல்கிற பழக்கம் கிடையாது.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. ஒரு சின்ன மேஜை விசிறிக்கு முன்னால் முடிச்சைக் கட்டித் தொங்கவிட்டேன். அது காற்றில் ஆடி ஆடி அவள் முகத்துக்குக் குளிர்ச்சியை அனுப்பியது. அவள் சாப்பிட்டதும் அசந்து தூங்கினாள். அவள் தூங்கியதால் நானும் தூங்கினேன். ஒரு பகல் முழுக்க ஸ்பூன் தட்டவில்லை. முழித்தபோது எனக்கு யாரோ என் உடம்பைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

மெஷினை நிறுத்தச் சொன்னது அவள்தான். "அந்தச் சனியனை நிறுத்துங்க, காது போகுது, எனக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு" என்றாள். நல்லாத்தான் இருக்கிறது என்று ஏன் தோன்றுகிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முதலில் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் நிறுத்தினேன். பிறகு மதியத்துக்கு. பிறகு ராத்திரிக்கும். மகள் கூப்பிடும்போது குழாயை மூக்கில் மாட்டிவிடுவேன். மெஷின் ஓடுகிறது என்று நான் எங்கும் சொல்லவில்லை. மகள் குழாயைப் பார்த்து அப்படி நினைத்துக்கொண்டாள், நான் சும்மா இருந்தேன்.

கிளிப்பை ஒரு நாள் மாட்டிப் பார்த்தேன். அதிலிருந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டரியைக் கழற்றி வைத்தேன். மகள் கேட்டபோது பேட்டரி போடவேண்டும் என்றேன். உடனே ஒரு பாக்கெட் பேட்டரி கூரியரில் அனுப்பிவிட்டாள். பொறுப்பான பெண். வாங்கி மேஜை டிராயரில் வைத்தேன்.

மனைவியின் நகங்களும் உதடும் நீலம் பூக்க ஆரம்பித்தபோது, அறையிலிருந்த டியூப்லைட்டை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பைப் போட்டேன். வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று அவள் சொன்னாள். சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். மஞ்சள் வெளிச்சத்தில் போனில் பார்த்தால் உதடு நன்றாகத்தான் தெரிந்தது. மகள்கூட, "அம்மா முகத்துல கொஞ்சம் தெளிவு வந்திருக்குப்பா" என்றாள்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம், மேடம். அந்த நாட்களில் அவள் சிரமப்படவில்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பேசுவது குறைந்திருந்தது, பாதி நேரம் மயக்கம் மாதிரி ஒரு தூக்கத்தில் இருந்தாள், சில சமயம் என்னை அவள் அண்ணன் என்று நினைத்துக்கொண்டு மில்லுக்கு நேரமாகிவிட்டது என்றாள். ஆனால் எத்தனை என்று கேட்டால் இரண்டு, மூன்று, அவ்வளவுதான். அவளாகவே காட்டியது. ஊசி அண்ணன் ஜில்லுனு இருக்கு என்று சொல்லிக்கொண்டே விழுந்தார் இல்லையா, அந்த மாதிரி.

பிறகு சளியும் காய்ச்சலும் வந்தன. இதற்கு முன்னால் வந்தபோதெல்லாம் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்போம். துணிப்பையில் அவள் சேலை, துண்டு, பிளாஸ்க் எல்லாம் எப்போதும் எடுத்து வைத்தபடியே இருக்கும். அந்தப் பையை எடுத்தேன். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சு ஞாபகம் வந்தது. அவர்கள் எப்படியும் பிழைக்கவைத்துவிடுவார்கள். திரும்பி வருவாள். மெஷின் வரும். ஸ்பூன் வரும். பையைப் பரணில் ஏற்றிவிட்டு, முடிச்சில் புது மெந்தால் வைத்தேன். மகளிடம் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன்.

அவள் போய்ச் சேர்ந்தாள், காரியமும் முடிந்தது. மகள் வந்தாள், எல்லோரும் வந்தார்கள். மாடிவீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்தேகம் யாருக்கும் வரவில்லை. மெஷினை வாடகைக்கு விட்டவர் அதைத் திரும்ப எடுத்துப்போக வந்தபோதுதான் வந்தது. அந்த மெஷினில் எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டுகிற மீட்டர் ஒன்று உண்டாம். எனக்குத் தெரியாது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சார், போன தடவை நான் சர்வீஸ் பண்ணிட்டுப் போனதுலேர்ந்து இது ஓடவே இல்லபோல இருக்கே" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் அவருக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். அவர் ஸ்குரூ டிரைவர் கேட்டிருக்கிறார். மகள் டிராயரைத் திறந்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அவள் கையில் பேட்டரி பாக்கெட், அவள் அனுப்பியபடியே, பிரிக்காமல்.

"அப்பா, இது என்னப்பா?" என்றாள். கொண்டுவந்த தண்ணீரை மெஷின்காரரிடம் நீட்டினேன். அவள் புகார் கொடுத்தாள், அதனால் இங்கே ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

கடைசி நாளைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அன்று மத்தியானத்திலிருந்தே மெந்தால் எடுபடவில்லை. முடிச்சை மாற்றினேன், விசிறியை இன்னும் கிட்டே இழுத்து வைத்தேன். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே இழுத்துக்கொண்டது. மயக்கம் முழுசாகத் தெளிந்துவிட்டிருந்தது, அதுதான் பிசகு. மகள் கூப்பிடுகிற நேரம் ஆயிற்று. எடுக்காவிட்டால் மாடிவீட்டுக்குப் போன் போட்டு ஆளை அனுப்புவாள். எடுத்தேன்.

"அம்மா, எத்தனை?"

மனைவி கையைத் தூக்கினாள். ஒரு கை இல்லை, இரண்டு கையும். பத்து விரலும் விரிந்திருந்தன. போனைப் பார்த்துத்தான் காட்டினாள், என்னைப் பார்த்து இல்லை.

மகள் கண்ணில் படுவதற்குள் நான் போனை என் பக்கம் திருப்பிவிட்டேன். "இரும்மா, சிக்னல் விட்டு விட்டு வருது" என்றேன். போனை மருந்து டப்பாவின்மேல் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தேன். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது கையை மெதுவாகப் போர்வைக்குள் வைத்து, என் தொடையை அதன்மேல் போட்டுக்கொண்டேன். வலது கையை என் கைக்குள் எடுத்துக்கொண்டேன். சுண்டுவிரல் சுலபமாக மடங்கியது. கட்டைவிரல் இரண்டு தடவை நிமிர்ந்துவிட்டது. அவளுக்கு எப்போதும் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. மடக்கி, என் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் போனைத் திருப்பினேன். அவள் முகம் பாதிதான் தெரிகிற மாதிரி பிடித்தேன். கை நன்றாகத் தெரிந்தது.

"மூணா? பரவாயில்லையே, காய்ச்சல்லகூட மூணுதான்" என்றாள் மகள். பிறகு போனைக் கிட்டே கொண்டுவந்தாள். "அப்பா, நீங்க அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதப் பாத்தா எனக்கு அழுகையா வருதுப்பா. நீங்க இல்லேன்னா அம்மா என்ன ஆவாங்க."

பேத்தியைக் காட்டினாள். குழந்தை கையை ஆட்டியது. நாங்களும் ஆட்டினோம், நான் பிடித்திருந்த அந்தக் கையைத்தான்.

போனை வைத்த பிறகு மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. களைப்புத்தான். இரண்டு பேருக்குமே களைப்புத்தான். முடிச்சை அவள் தலையணை ஓரத்தில் வைத்தேன். ஸ்டூலில் இருந்த டம்ளரையும் ஸ்பூனையும் கழுவுவதற்கு எடுத்துக்கொண்டு போனேன், எச்சில் டம்ளர் கிடந்தால் எறும்பு வரும். கழுவி, சமையலறையிலேயே கவிழ்த்து வைத்தேன். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன்.

விடிந்து வெயில் வரும்வரை தூங்கினேன், மேடம். பழைய தூக்கம். அன்று ராத்திரி முழுக்க அவள் என்னை ஒரு தடவைகூட எழுப்பவில்லை. என்மேல் அவளுக்கு எப்போதும் இரக்கம் அதிகம்.